ஓமுக்கும் ஆமாவுக்கும் நடுவில்

ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டுப் பத்து. ஆட்கள்: ஒன்று.

வேலைச் சீட்டில் இவ்வளவையும் எழுதிவிட்டு, பேனையை மூடாமல் உனக்கு எழுதத் தொடங்கிவிட்டேன். வெள்ளவத்தையில் நாங்கள் மாதந்தோறும் ஏறிய அதே மாடிக் கட்டடம், உச்சியில் அதே லிஃப்ட் மெஷின் ரூம். கதவைத் திறந்ததும் சூடான கிறீஸ் மணம். அதோடு கீழே பேக்கரியில் மீன் அடைத்த மாலு பாண் வேகும் மணம். இரண்டும் சேர்ந்தால் நீதான். ஒரு கையில் ஸ்பானர், மறு கையில் பாண், வாயில் ஏதாவது வேதத் தர்க்கம். உன் இடத்துக்குக் கம்பனி இன்னும் ஆள் எடுக்கவில்லை. எடுத்தாலும் எனக்குப் பிடிக்கப்போவதில்லை.

நான் லிஃப்ட் கூண்டின் தலையில் ஏறி நிற்பேன். நீ இங்கே மேலே நின்று பிரதான சுவிட்சை இறக்குவாய். கயிறு இறங்கும் துவாரத்தைப் பார்த்து நான் “கட்டோ?” என்று கத்துவேன், கரண்டை நிறுத்திவிட்டாயா என்று அர்த்தம். பதில் வராமல் எதிலும் கை வைக்கக் கூடாது. முதல் நாள் நீ “ஆமா!” என்றாய்.

“ஓம் எண்டு சொல்லடா. ஆமாவாம். பெரிய மெட்ராஸ்காரர்!”

“கொட்டாஞ்சேனைல பொறந்தவனுக்கு உங்க யாழ்ப்பாணத்து ஓம் எல்லாம் வராது மச்சான். சரி, ஓமும் வேணாம், ஆமாவும் வேணாம். ஆமென்! நீ புரட்டஸ்தாந்து வேதக்காரன், நான் கத்தோலிக்கன், ரெண்டு பேருக்கும் சொந்தம்.”

அன்றிலிருந்து கொழும்பில் எத்தனையோ லிஃப்ட் குழிகளுக்குள் உன் ஆமென் மேலிருந்து விழுந்திருக்கிறது. எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் கை வைப்பேன்.

இந்த மொட்டைமாடியில்தான் நாங்கள் பெரிதாகச் சண்டை பிடித்தோம். கீழே காலி வீதி. பஸ் ஒன்று நிறுத்தத்தை விட்டு நகர்கிறது. பின்னால் ஒரு சந்திலிருந்து ஒருவர் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார். பஸ் போவது அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிகிறது.

“அந்த ஆளு பஸ்ஸை விடப்போறாரு,” என்றாய். விட்டார். “இப்ப சொல்லு, நான் முந்தியே பாத்ததாலயா அவரு பிந்தினாரு? அவரு தன்னோட காலாலதான் ஓடினாரு. ஆண்டவருக்கு எல்லாம் முந்தியே தெரியும். அதுக்காக அவரு எங்களை இழுக்கிறாருன்னு அர்த்தமில்ல.”

“நீ ரோட்டைப் போடேல்ல. பஸ்ஸையும் செய்யேல்ல. அவர்தானே எல்லாத்தையும் செய்தவர்? டிசைன் பண்ணினவனுக்கு முடிவு தெரியுமெண்டா, அது அவன்ர முடிவுதான். லிஃப்ட் மூண்டாம் மாடியில நிண்டா, லிஃப்டே விருப்பப்பட்டோ நிண்டது?”

நீ பாணைக் கடித்தபடி யோசித்தாய். “அந்த இடத்துலதான் எனக்கும் முட்டுது,” என்று சிரித்தாய். வேறு யாராக இருந்தாலும் தப்பிக்க ஒரு வேத வசனம் சொல்லியிருப்பார்கள்.

நீ விடாத இன்னொன்றும் உண்டு. எங்கள் தொழிற் பரீட்சை முடிவுகள் அச்சடித்து உறையில் போட்டாயிற்று, அடுத்த நாள் கையில் கிடைக்கும் என்ற நிலையில், நீ அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனாய்.

“முடிஞ்ச முடிவுக்கு என்னத்துக்கடா செபம்? சேர்க்கிட் பின்பக்கமா ஓடாது.”

“நமக்குத்தான்டா நேத்து, நாளைக்கு எல்லாம். அவருக்கு எல்லாம் ஒரே மொட்டைமாடி. நான் இன்னைக்குக் கேக்கப்போறத அவரு அன்னைக்கே கேட்டிருப்பாரு.”

“நான் கேக்காமலே பாஸ் பண்ணிக் காட்டுறன் பார்.”

இருவரும் பாஸ். நான் உன்னை நக்கலடித்தேன். “உனக்கும் சேத்துத்தான்டா கேட்டேன்,” என்றாய்.

நெரிசலான பஸ்ஸை நீ விட்டுவிடுவாய். உட்காரச் சீற் கிடைக்க வேண்டும், பாண் நசுங்கக் கூடாது. அன்று காலையிலும் ஒன்றை விட்டாய் என்று நிறுத்தத்தில் நின்றவர் பிறகு வந்து சொன்னார். அடுத்ததில் ஏறி உட்கார்ந்தாய். அதில் குண்டு இருந்தது.

செத்த வீட்டில் உன் பெரியப்பா என் தோளில் கை வைத்து, “ஆண்டவர் குறிச்ச நேரம் தம்பி,” என்றார்.

“குண்டுக்கு நேரம் குறிச்சது ஆண்டவரில்லை, ஐயா. ஒரு மனுசன்,” என்றேன்.

அவர் சொன்ன அந்த வார்த்தையை என்னால் அப்படியே விட முடியவில்லை. எல்லாம் குறித்தபடிதான் என்றால், வைத்தவன் வெறும் பியோன்; மேலிடத்து வேலையைச் செய்தவன். நீயும் சீற் தேடி ஏறியவன் இல்லை, ஏற்றப்பட்டவன். இரண்டையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வைத்தவன் தன் விருப்பத்தில் வைத்தான். நீ உன் விருப்பத்தில் ஏறினாய். அந்தச் சின்ன விருப்பத்தை நான் யாருக்கும் விட்டுக் கொடுக்கப்போவதில்லை.

உன் அம்மா மட்டும் என்னை அருகில் கூப்பிட்டார். “அவனும் இப்படித்தான் மகன் கதைப்பான்.” பிறகு சத்தத்தைத் தாழ்த்தினார். “ரேடியோல சொன்ன ஒடனே நான் செபமாலை எடுத்தேன். என் புள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, அவன் தனியாப் பயந்து நிக்கக் கூடாதுன்னு முழுக்கச் சொன்னேன். அந்த நேரம் அவன் போயிட்டான் மகன். அந்தச் செபம் எங்க போச்சு?”

பொரளை மயானத்தில் உன்னை அடக்கிவிட்டு வந்ததிலிருந்து கொட்டாஞ்சேனையில் உங்கள் வீட்டுப் பக்கம் நான் போகவேயில்லை. பதில் இல்லாமல் அந்தத் தாயின் முன் எப்படிப் போய் உட்காருவது?

இன்றைக்கு இந்த மாடியில் நிற்கும்போதுதான் உறைக்கிறது: பதிலை நீ அந்த மெழுகுதிரி நாளிலேயே சொல்லிவிட்டாய், நான் நக்கலடித்துக்கொண்டு நின்றேன். ஆண்டவர் ஏன் அந்த பஸ்ஸை நிறுத்தவில்லை என்பதற்கு என்னிடம் இன்னும் பதிலில்லை. உனக்கு முட்டிய அதே இடத்தில் எனக்கும் முட்டுகிறது. அம்மா கேட்ட முதல் பாதி அதில்தான் சிக்கிக் கிடக்கிறது. ஆனால் நீ தனியாகப் பயந்து நிற்கக் கூடாது என்ற மறு பாதி? அது பிந்திப் போனது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நானும் அதையே ஆண்டவரிடம் கேட்கத் தொடங்கிவிட்டேன், மச்சான். இத்தனை மாதம் கழித்து, அந்தக் காலைக்காக. சேர்க்கிட் பின்பக்கமாக ஓடாது என்று படித்தவன்தான் கேட்கிறேன்.

இனி நான் செய்யப்போவது:

1. பிரதான சுவிட்சை இறக்கி, பூட்டுப் போட்டு, திறப்பை என் சட்டைப் பையில் வைப்பேன்.

2. கூண்டின் தலையில் ஏறி “கட்டோ?” என்று கத்துவேன். மேலே ஆளில்லை என்று தெரிந்தும் கொஞ்சம் நிற்பேன். பிறகு ஆமென் என்று நானே சொல்லிவிட்டுக் கை வைப்பேன்.

3. கீழே மாலு பாண் வாங்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போவேன். பஸ் நெரிசலாக வந்தால் விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுவேன்.

4. அம்மாவின் முன் உட்கார்ந்து, “உங்கட செபம் பிந்தேல்ல அம்மா, அவன் பஸ்ஸுக்குள்ள இருக்கேக்குள்ளயே போய்ச் சேந்திட்டுது,” என்று சொல்வேன். “உண்மையாவா மகன்?” என்று கேட்பார்.

5. ஓம் என்பேன்.