நீ பதில் சொல்லாத கேள்வி

இன்று காலை சிராங்கூன் சாலையில் பேருந்து சிவப்பு விளக்குக்காக நின்றபோது, ஓட்டுநர் பெண் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டாள். அந்த நெடி என் இருக்கைவரை வந்தது. வேலை முடிந்து வரும் உன் சட்டையில் இருக்கும் அதே நெடி. இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன். துணைப்பாட வகுப்பில் காத்திருந்த பிள்ளைகளிடம் "பஸ் லேட்" என்றேன். எனக்குப் பொய் எளிதாக வரும். உனக்குத் தெரியாததா?

நீ பேருந்து ஓட்டத் தொடங்கிய வாரத்தில் ஒரு பெரியவர் படியிலேயே நின்றுவிட்டாராம். "பொம்பளயா ஓட்டுது?"

"பயமா இருந்தா இறங்கிக்குங்க அங்கிள். அடுத்த பஸ் பத்து நிமிஷத்துல வரும்லா."

அவர் பேசாமல் உட்கார்ந்துவிட்டார் என்று சொல்லிச் சிரித்தாய். அந்தத் துணிச்சல் எனக்கு வந்ததே இல்லை.

கல்யாணமாகாதவர்களும் அரசு வீடு வாங்கலாம் என்னும் முப்பத்தைந்து வயதுவரை காத்திருந்து, புக்கிட் மேராவில் இருவர் பெயரிலும் வாங்கிய வீடு நம்முடையது. பதின்மூன்று வருடம் அங்கே ஒன்றாக வாழ்ந்தோம். கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒவ்வொரு விதமாகச் சொல்லிவைத்தேன்: தோழி, தூரத்து உறவு. பெற்றோர்களுக்குத் தெரிந்தால் பிள்ளைகளைத் துணைப்பாடத்துக்கு அனுப்பமாட்டார்கள் என்பேன். நீ மறுத்துப் பேசியதில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு உன் வயிற்றில் கட்டி. மருத்துவமனைக்கு உன் அண்ணனும் அண்ணியும் சுவா சூ காங்கிலிருந்து வந்தார்கள். தாதி என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள். உன் அண்ணனின் கண்கள் என் மேல் இருந்தன.

"இவங்க வீட்ல வாடகைக்கு இருக்கேன்."

"அப்ப வெளிய இருங்க. குடும்பம் மட்டும்தான்," என்றார் உன் அண்ணன். மின்தூக்கிக்கு எதிரே மாலைவரை உட்கார்ந்திருந்தேன். அவர்கள் போனபின் உள்ளே வந்தேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

"என்னால உனக்கு வெக்கமா?"

"பயம்."

"பதிமூணு வருஷமாவா?"

தண்ணீர்க் குவளையை உன் பக்கம் நகர்த்திவைத்தேன்.

மறுநாள் அண்ணனும் அண்ணியும் இருக்கையில் மருத்துவர் கோப்போடு வந்தார். வாசலில் நின்றிருந்த என்னை நீ கைகாட்டினாய். "அவ உள்ள வரணும். அவ இல்லாம நான் எதையும் கேக்கமாட்டேன்."

"அவங்க யாரு உனக்கு?" என்றார் அண்ணன்.

நீ பதில் சொல்லவில்லை. என்னையே பார்த்தாய். அண்ணி பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். இன்னும் சற்று நேரம் போயிருந்தால் நான் திரும்பி நடந்திருப்பேன். நீயும் அதைக் கண்டிருப்பாய்.

"நான் இவளோட வாழறவ," என்றேன். "கல்யாணம் ஆனவங்க எப்படி வாழ்வாங்களோ, அப்படி."

அண்ணன் வெளியே போய்விட்டார். அண்ணி எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். மருத்துவர் கோப்பைத் திறந்தார். போர்வைக்குள் நீ என் விரல்களை வலிக்கும்படி இறுக்கினாய்.

அதன்பின் நீ இருந்தது ஐந்து வாரம். அண்ணன் ஒருமுறைகூட வரவில்லை. இறுதிச் சடங்கன்று வந்தார், தம் கையாலேயே எல்லாம் செய்தார். நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன். வாய்க்கரிசி போடும் நேரத்தில் அவர் என்னிடம் நடந்து வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அரிசித் தட்டை மட்டும் நீட்டினார்.

போன வாரம் என் அம்மா தொலைபேசியில், "தனியா ஏன் கஷ்டப்படற? அந்தப் புள்ள இருந்த ரூம வேற யாருக்காவது விட்டுடேன்," என்றார்.

"எங்க வீட்ல இருந்தது ஒரே ரூம்தாம்மா," என்றேன். மிச்சத்தையும் சொன்னேன்.

அம்மா வைத்துவிட்டார். எட்டு நாளாகிறது, அழைப்பில்லை. ஒவ்வொரு முறை கைப்பேசி அதிரும்போதும் அம்மாவா என்று எடுத்துப் பார்க்கிறேன். 'அம்மா, நான் சும்மா சொன்னேன்' என்று இருமுறை தட்டச்சு செய்தேன். இரண்டு முறையும் அனுப்பாமல் அழித்துவிட்டேன்.