உன் மகளுக்கு உறவு தேடிய மேதை

அன்பு மச்சான் கென்பெய்க்கு,

நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் போய்விட்டது. முகத்துவாரம் திறந்திருக்கிறது, ஏரியில் இறால் வரத்து நன்றாக இருக்கிறது, உன் மகள் அங்கம்மாவுக்கு விழுந்த முன்பல் முளைத்துவிட்டது. இதெல்லாம் நல்ல செய்தி. இனி வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும் செய்தி ஒன்று. உனக்கு ரத்த உறவு ஒருத்தன் கிடைத்திருக்கிறான். யார் என்று சொல், பார்ப்போம்?

மார்த்தின்! உன்னோடு ஒல்லாந்தர் கோட்டையில் துப்பாக்கி தூக்கிக் காவல் நின்றானே, செம்பட்டைத் தாடி, பாஸ்க் மலைநாட்டுக்காரன், அவனேதான். நீ பிறந்த ஜப்பான் சூரியன் உதிக்கிற பக்கம். அவனுடைய மலை சூரியன் விழுகிற பக்கம். நடுவில் உலகமே கிடக்கிறது. இருந்தாலும் நீங்கள் இருவரும் ஒரே குலமாம். கண்டுபிடித்தவர் கோட்டைக்குள் இருக்கும் நம் கண்ணாடிக்காரர்.

அவரை நீ மறந்திருக்க மாட்டாய். நம் தண்ணீரைக் குடித்து, நம் மீனைத் தின்று, நம் வெயிலைத் திட்டிக்கொண்டே புத்தகம் எழுதுகிற பெரிய மனிதர். எந்த மொழி தாய், எந்த மொழி பிள்ளை என்று தீர்த்துவைக்கவே பிறந்தவர்.

அவர் வாதம் இதுதான். பாஸ்க் மொழி அக்கம்பக்கத்து மொழி எதோடும் ஒட்டுவதில்லை. ஜப்பான் மொழியும் அப்படியே. இரண்டிலும் செயலைச் சொல்லும் சொல் கடைசியில்தான் வரும். ஆகவே இரண்டும் அக்காள் தங்கை! ஊரோடு ஒட்டாத இரண்டு பேரைப் பார்த்து நீங்கள் அண்ணன் தம்பிதானே என்று கேட்பவனை நம் குப்பத்தில் என்னவென்று சொல்வார்கள்? மீனை நீ 'உவோ' என்பாய், அவன் 'அர்ராயின்' என்பான். தண்ணீர் உனக்கு 'மிசு', அவனுக்கு 'உர'. ஒரே வீட்டில் வளர்ந்த சொற்களா இவை? செயல் கடைசியில் வருவதுதான் உறவு என்றால், நாமும்தான் மீனை முதலில் சொல்லிப் பிடித்ததைக் கடைசியில் சொல்கிறோம். எங்களுக்கும் பந்தியில் ஓர் இலை போட்டிருக்கலாமே.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அங்கம்மாவின் மேல் கை வைத்தார். என் தங்கை பிரசவத்தில் போனாள், நீ காய்ச்சலில் போனாய். அதனால் பிள்ளையைத் தகப்பன் வழி உறவிடம் ஒப்படைக்க வேண்டுமாம். கீழைக்கடலில் ஒல்லாந்தர் பட்டணமான பத்தாவியாவுக்குக் கப்பலேறப் போகும் மார்த்தினோடு அவளையும் ஏற்றிவிட்டால், அவள் வாயில் அந்த இரண்டு மொழியும் எப்படிக் கலக்கிறது என்று பார்க்கலாமாம். சோதித்துப் பார்க்க அவருக்கு ஒரு குழந்தை வேண்டியிருந்தது, மச்சான். அவர் வளர்க்கும் பூனையை அனுப்பச் சொன்னால் மனசு வருமா?

மார்த்தின் தலையில் அடித்துக்கொண்டான். உன் மொழியில் ஒரு வரிகூடத் தனக்குப் புரிந்ததில்லை என்று அவரிடமே சொன்னான். "பாமரனுக்குத் தன் வேர் தெரியாது" என்று பதில் வந்தது. மொழியைப் பேசுகிறவனைவிட, பேசத் தெரியாதவருக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கிறது. என்ன படிப்போ! ஓய்வு நாட்களில் நீங்கள் இருவரும் ஏரியில் என்னோடு வலை இழுப்பீர்களே, அப்போது ஒரே மொழியில் பேசிச் சிரித்ததைத் தன் காதாலேயே கேட்டாராம். அதுதான் அவருடைய பெரிய சாட்சி.

கோட்டை வாசலில், கோட்டைத் தலைவன் கப்பித்தான் முன்னால் விசாரணை நடந்தது. குப்பமே போய் நின்றது. அங்கம்மா என் வேட்டியை விடவே இல்லை. கப்பித்தானை உனக்குத் தெரியும், இறால் என்றால் அவனுக்கு உயிர், நம் பெண்களிடம் தானே நின்று பேரம் பேசி வாங்குவான். கண்ணாடிக்காரர் துறைமுகத்தில் எல்லோருக்கும் புரியும் பறங்கிப் பேச்சில் முழங்கினார். "இவனைப் பிள்ளையோடு பேசச் சொல்லுங்கள். அந்தத் தகப்பன் மொழியை நீங்களே கேளுங்கள்."

மார்த்தின் அவள் முன்னால் குந்தினான்.

"இன்னாம்மா, துன்னியா?"

"துன்னேன். நண்டு. மாமா ஆக்கிச்சு."

"எங்கூட கப்பல்ல வர்றியா?"

"நா இன்னாத்துக்கு வரணும்? எங்க மாமாவ வுட்டுட்டு வரமாட்டேன். நீ வேணா இங்கியே இரு."

கண்ணாடிக்காரர் கையைத் தட்டினார். "கேட்டீர்களா! எவ்வளவு தடையில்லாமல் புரிந்துகொள்கிறார்கள்! ஏரியில் நான் கேட்டதும் இதே மொழிதான்!"

குப்பம் வாயைப் பொத்திக்கொண்டது. கப்பித்தானின் மீசை ஆடியது. "ஐயா, இந்த மொழியில்தான் நான் தினமும் இறால் வாங்குகிறேன்" என்றான். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. காவல்காரன்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இத்தனை வருஷம் ஜன்னலுக்கு வெளியே கேட்கிற தமிழைத் தமிழ் என்று தெரியாதவர், கடல் கடந்த இரண்டு மொழிக்கு உறவுமுறை சொல்ல வந்துவிட்டார்.

பிள்ளை தாய்மாமனிடமே இருக்கட்டும் என்று கப்பித்தான் சொல்லிவிட்டான். கண்ணாடிக்காரர் திருந்திவிட்டார் என்றா நினைக்கிறாய்? தமிழும் அந்த இரண்டுக்கும் கூடப்பிறந்த தங்கை என்று புதிதாக எழுத உட்கார்ந்துவிட்டாராம். எழுதட்டும். மை அவருடையது.

மார்த்தின் போகும்போது அழுதான். "போய்ட்டு வர்றேன்" என்று நம்மைப் போலவே சொல்லிவிட்டுப் போனான். வரமாட்டான் என்று அவனுக்கும் தெரியும்.

கப்பல் போன மறுநாள் அங்கம்மா கேட்டாள். "மாமா, நைனாவோட நெஜப் பாஷ எப்டி இருக்கும்?" என்னிடம் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் இல்லை. வெளியே போனவர்களை உன் நாடு திரும்ப உள்ளே விடாது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, நீ அந்த மொழியை வாய்விட்டுப் பேசியதே இல்லையே. பேசினால் வலிக்கும் என்றா, மச்சான்? பதில் சொல்ல ஆள் இல்லை என்றா?

ஒன்று மட்டும் சொல்கிறேன், நம்பு. இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொரு கப்பலிலும் ஜப்பான்காரன் இருக்கிறானா என்று விசாரிப்பேன். ஒருத்தன் கிடைத்தாலும் போதும், வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட்டு, உங்கள் ஊரில் ஒரு தகப்பன் மகளை எப்படிக் கொஞ்சுவானோ அப்படி அங்கம்மாவை ஒருதரம் கொஞ்சச் சொல்வேன். அது எந்த மொழிக்கு அக்காளாக இருந்தால் எங்களுக்கு என்ன? அவள் நைனாவின் மொழி, அவள் கேட்க வேண்டும்.

உன் மகளுக்குத் தாய்மாமன்,
என்றைக்கும் உன் மச்சான்,
ஏழுமலை
கோட்டைக்குப்பம்