நீ நினைத்தால் எழும் கை

அக்கா,

இன்று மருந்துக்கடையில் பிரஷர் பார்த்துவிட்டு, கையில் சுற்றிய பட்டையைச் சர்ரென்று உரித்தார்கள். உடனே உன் ஞாபகம். உன் மெஷினின் நான்கு பட்டைகளையும் தினமும் மாட்டி உரித்தவள் நான்தானே.

பக்கவாதத்தில் உன் வலது கை விழுந்ததே தவிர வாய் விழவில்லை. முத்தியால்பேட்டையில் உனக்கு அடுத்த வீட்டில் குடியிருந்த பாவத்துக்கு வசவெல்லாம் எனக்குத்தான். உன் கவலை ஒன்றுதான். உன் மகள் பிரான்சுக்குக் கிளம்ப ஒரு மாதம் இருந்தது. வாசல் தாண்டுமுன் அவள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்ப வேண்டும். இடது கையால் போடேன் என்றதற்கு, "இடது கையால சோறு போட்டா திம்பியாடி?" என்றாய்.

ஆஸ்பத்திரியில் கைப் பயிற்சிக்கு அந்த மெஷினைக் கொடுத்தார்கள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை மாட்டும் கறுப்பு உறை, முழங்கையில் குட்டி மோட்டார். முதல் நாளே கை ஙொய்யென்று எழுந்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"யக்கா, கரண்டு போடுற சிலுவை பிரான்சு வரைக்கும் தாங்குமா?"

உன் முகம் செத்துவிட்டது. பயிற்சி கொடுத்த பெண் உறையைக் கழற்றி என் கையில் மாட்டினாள். "சும்மா இருங்கம்மா." மெஷினும் சும்மா இருந்தது. "இப்ப தூக்கப் பாருங்க." நான் தொடங்குமுன்னே அது தூக்கியது.

"தானா தூக்காதும்மா. உள்ள சதை லேசா துடிக்கணும். அதைப் பிடிச்சுதான் தூக்கும்."

அப்படியென்றால், செத்த கை என்று நான் நினைத்ததற்குள் நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாய். உன்னோடு பொழுதெல்லாம் கிடந்த எனக்குக் கேட்காதது, ஒரு துணி உறைக்குக் கேட்டிருக்கிறது. அன்று வீடு வரும்வரை நான் கேலியே பேசவில்லை. உனக்குக் காய்ச்சலாடி என்று கேட்டாய்.

கிளம்பும் நாளில் மகள் உன் முன்னால் மண்டியிட்டாள். கை பாதியில் நின்றது. நான் முழங்கையைத் தாங்கப் போனேன்.

"கையை எடுடி! நான் போடுறேன்ல?"

மோட்டார் மறுபடி முனகியது. கட்டைவிரல் நடுங்கி நடுங்கி நெற்றியைத் தொட்டது. சிலுவை கோணிக்கொண்டு புருவத்தில் இறங்கியது. 'கோணலா இருக்குக்கா' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். யா அல்லாஹ் என்றுதான் வந்தது.

நீ கண் மூடி ஒரு வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் துஆவுக்குக் கையேந்தினால் உடனே எதையும் கேட்பதில்லை. நினைத்ததும் எழுந்து வந்து நிற்கிற இரண்டு கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.