நீ கேட்ட லெட்டர்பேடு

வடவள்ளி, கோவை
சனிக்கிழமை

அன்பு மகள் கனிஷ்காவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வந்தால் தனியாகக் கச்சேரி வைக்கிறது. நீ டப்ளின் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறாய் என்று நம்பிக்கொள்கிறோம், அதற்கு மேல் அங்கே நடப்பது எங்களுக்கு என்ன தெரியும். தொண்டாமுத்தூரில் உன் அத்தை தோட்டத்துக்குப் போன வாரமும் யானை வந்து பதினோரு தென்னங்கன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதிகாரிகள் வந்து ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்களாம், யானை இனிமேல் பயந்துகொள்ளும் போலிருக்கிறது. இதையெல்லாம் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நீ குறுக்கே பேசி, என்னைச் சிரிக்கவைத்து, விஷயத்தை மாற்றிவிடுவாய். தபாலில் நான் முடிக்கும்வரை நீ வாயைத் திறக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ ஒன்று கேட்டாய். மாசாணம் மாமாவின் பம்ப்செட் கம்பெனியில் நீ இரண்டு வருடம் கம்ப்யூட்டர் பாதுகாப்புச் சோதனை வேலை பார்த்ததாக, அவர் லெட்டர்பேடில் ஓர் அனுபவச் சான்று வேண்டும் என்றாய். இன்னும் இரண்டு மாதத்தில் நேர்முகத் தேர்வு, ரெண்டு வருஷம் இல்லாம கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்கப்பா என்றாய். கண்ணு, நான் அந்த ஆபீசில் நான்கு வருடமாக மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரிந்து நீ அந்தக் கம்பெனிக்குள் வந்தது மூன்று தடவை. இரண்டு தடவை ஆயுத பூஜைப் பொரிக்கு, ஒரு தடவை வழியில் பாத்ரூம் போக. ஒரு கம்பெனிக்குள் திருடன் எந்த வழியாக நுழைவான் என்று அவர்கள் சம்மதத்தோடு நுழைந்து பார்த்து, ஓட்டையைச் சொல்லிக் கொடுப்பதுதான் எத்திக்கல் ஹேக்கிங் என்று எனக்கு விளக்கியது நீதான். நேர்மையை உலகமே நம்பி ஒப்படைக்கும் வேலை என்று அன்றைக்கு எவ்வளவு பெருமையாகச் சொன்னாய். அந்த வேலைக்குள் போக முதல் அடி ஒரு பொய்ச் சான்று. கேட்கும்போது உனக்கே கூச்சமாக இல்லையா?

உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை, நானும் திங்கட்கிழமை வெட்கமில்லாமல் போய் மாமாவிடம் கேட்டேன். அவருக்கு என்ன, படிக்காமல் சீல் வைப்பதென்றால் கல்யாண விருந்து மாதிரி. அதுக்கென்னுங்க மாப்ள, லெட்டர்பேடு சும்மாதான கெடக்குது, நீங்களே அடிச்சுக்குங்க, நான் ஒரு குத்து குத்திக் குடுத்துர்றேன் என்றார். இரண்டு வருடம் எதற்கு, அஞ்சா போட்டுக்குங்க என்று தாராளமும் காட்டினார். நான் ஒரு தாளை உருவி மேஜை டிராயரில் வைத்தேன்.

காந்திபுரத்தில் நீ படித்த அந்தப் பயிற்சி நிலையம் ஞாபகம் இருக்கிறதா. வாசலில் முக்காடு போட்ட முகமில்லாத ஓர் உருவம், கீழே நூறு சதவீத வேலை உறுதி என்று எழுத்து. மூன்று மாதம் கேள்வியையும் பதிலையும் அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யவைத்து, லேமினேட் செய்த சான்றிதழோடு அனுப்பிவைத்தார்கள். அதே இடத்தில் உன் பெரியம்மா மகன் நிதீஷ் ஏழு சான்றிதழ் வாங்கி, ஆர்.எஸ்.புரம் வீட்டு ஹாலில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வரிசையாக மாட்டியிருக்கிறான். கல்யாண ஜாதகத் தாளில் நட்சத்திரத்துக்குக் கீழே எத்திக்கல் ஹேக்கர் என்று போட்டிருக்கிறார்கள். அவனைப் பார்த்து நீ எப்படிச் சிரித்தாய். இப்போது அவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம், அவனுடைய சான்றிதழாவது அவன் பெயரில் அவனே வாங்கியது.

மாமாவிடம் கேட்ட மறுநாள், செவ்வாய்க்கிழமை மதியம் கம்பெனிக்கு ஒரு போன் வந்தது. பில் போடும் சாப்ட்வேர்காரர் பேசுகிறேன் என்றான். கணக்குப் பார்க்கும் பூஜிதா சாப்பிடப் போயிருந்தாள், வேறொரு ஆள் போனை எடுத்தார். எடுத்தவர் உஷாராகத்தான் விசாரித்தார். எதை விசாரித்தார் தெரியுமா, கம்பெனி பெயரையா, திருப்பிக் கூப்பிட ஒரு நம்பரையா? ஏனுங்க தம்பி, எந்த ஊருங்க, என்ன கூட்டமுங்க என்று குலம் விசாரித்தார். அவனும் மூச்சுவிடாமல், நாங்க ஆந்தை கூட்டமுங்க, போன தையில நம்ம கோயில் கும்பாபிஷேகத்துல உங்களப் பாத்தனுங்க, அன்னதானப் பந்தல்ல நின்னுட்டிருந்தீங்க, நீங்க எனக்குப் பெரியப்பா முறைங்க என்றான். முடிந்தது கதை. பங்காளியாகிவிட்டான். கோயில் கமிட்டிக்காரர்கள் எல்லோருடைய படத்தையும் பெயர், ஊர், கூட்டம், வேலை பார்க்கும் இடம் வரை எழுதி பேஸ்புக்கில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துப் படித்திருக்கிறான் என்பது பிறகு தெரிந்தது. சாப்ட்வேரைப் புதுப்பிக்கணுங்க பெரியப்பா, நான் சொல்றத எறக்கிட்டு, அதுல வார ஒம்பது நம்பரப் படிங்க என்றான். அந்த மகானுபாவர் பூஜிதாவின் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒன்பது நம்பரையும் நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை படித்துக் கொடுத்தார். அந்த நம்பர்தான் அவனை அங்கிருந்தே நம் கம்ப்யூட்டருக்குள் விட்டது. கடைசியில் ஒரு நாளைக்கு ஊட்டுப்பக்கம் வாங்க தம்பி என்று அழைப்பு வேறு.

புதன்கிழமை காலையில் ஒரு கோப்பும் திறக்கவில்லை. பம்ப் வரைபடங்கள், ஆர்டர்கள், பில்கள் எல்லாம் பூட்டிக்கிடந்தன, திரையில் பணம் கேட்டு ஒரு மிரட்டல். மாமா உடனே நிதீஷைக் கூப்பிட்டார். வந்தான், மவுஸை நான்கு தடவை தட்டினான், இது என்னோட ஏரியா இல்லீங்க மாமா என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனான். ஏழு சான்றிதழில் ஒன்றுகூட அவனோடு காரில் ஏறி வரவில்லை போலிருக்கிறது.

பிறகு யாரோ சொல்லி வியாழக்கிழமை கோட்டைமேட்டிலிருந்து முகமது யூசுப் என்று ஒருவர் வந்தார், முப்பத்தைந்து வயது இருக்கும். வந்தவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, எந்தெந்தக் கம்ப்யூட்டரைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, எந்தத் தேதி வரைக்கும் என்று எழுதி மாமாவிடம் கையெழுத்துக் கேட்டார். நம்ம கம்பெனி, நாந்தான கூப்புட்டேன், அப்பறம் என்ன கையெழுத்து என்று மாமா எகிறினார். கையெழுத்து இல்லாமத் தொட்டா எனக்கும் உள்ள பூந்தவனுக்கும் என்னங்க வித்தியாசம் என்று சொல்லிவிட்டு, அவர் அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக மாசாணம் மாமா ஒரு தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார், பார்க்கக் கண் கோடி வேண்டும்.

உனக்காக நான் அவரிடம் பேச்சுக்கொடுத்தேன். கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தவர், அப்புறம் ஓர் ஆஸ்பத்திரியில் நெட்வொர்க் கேபிள் இழுத்தவர். வீட்டில் பழைய கம்ப்யூட்டர் நான்கை இணைத்து, தானே உடைத்துத் தானே சரிசெய்து பழகினாராம். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நிஜமாகவே உள்ளே நுழைந்து காட்டவேண்டிய பரீட்சை ஒன்று இருக்கிறதாமே, அதில் இரண்டு தடவை தோற்று மூன்றாம் தடவை தேறியவர். அதைக்கூட ஒளிக்காமல் சொன்னார். சர்டிபிகேட்டு வாசல் வரைக்கும் கூட்டீட்டுப் போகுமுங்க, உள்ள போனா என்ன செஞ்சீங்கன்னுதான் கேப்பாங்க என்றார். நீ அங்கே பார்க்கும் ஹெல்ப்டெஸ்க் வேலையை, மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றிக் கொடுக்கும் எடுபிடி வேலை என்று மூக்கைச் சுளிக்கிறாயே, அதைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது நல்ல எடமுங்க, திருடன் மொதல்ல கூப்புடறது அங்கதான என்றார். உனக்குத்தான் அது கேவலமாகத் தெரிகிறது.

கோப்புகள் எப்படித் திரும்ப வந்தன தெரியுமா. பூஜிதா யாரும் சொல்லாமல், சனிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட்டிஸ்கில் நகலெடுத்துக் கழற்றி, பீரோவில் வைத்திருந்தாள். இரண்டு நாள் வேலை தவிர எல்லாம் பிழைத்தது. அதற்கு மாமா கொடுத்த பரிசைக் கேள். செவ்வாய் மதியம் பூஜிதாவின் கம்ப்யூட்டரிலிருந்துதான் கதவு திறந்தது என்று யூசுப் சொன்னார். யாருன்னு எனக்கு வேண்டாமுங்க, எப்படின்னு தெரிஞ்சாப் போதும் என்றும் சொன்னார். மாமாவுக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. வெள்ளிக்கிழமை, உன்ற கம்ப்யூட்டருதான அம்மணி, திங்கக்கெழமைல இருந்து வராத என்று சொல்லிவிட்டார். சத்தியமங்கலத்திலிருந்து வந்து கணபதியில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பெண், உன் வயதுதான். நான் சாப்புடப் போயிருந்தனுங்க சார் என்று இரண்டு தடவை சொன்னாள். நம்பர் படித்த ஆள் அங்கேதான் டீ கிளாஸோடு நின்றிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

இதுவரை எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். வேறொரு ஆள், மகானுபாவர் என்று எவ்வளவு வக்கணையாக எழுதியிருக்கிறேன். பொய்ச் சான்று கேட்டதற்கு உன்னைத் திட்டிவிட்டு அதே தாளில் நானும் ஒரு பொய் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த ஆள் நான்தான் கண்ணு. போனை எடுத்தது நான், கூட்டம் கேட்டது நான், பூஜிதா சொன்னபோது டீயை உறிஞ்சிக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பார்த்தது நான். இங்கே வருமுன் மில் டைம் ஆபீசில் முப்பத்தொரு வருடம் அடுத்தவன் தாமதமாக வந்ததைக் குறித்த கை இது. இப்போதைக்கு இதோடு நிறுத்துகிறேன், மாமாவிடம் போய்ச் சொல்லாமல் மீதியை எழுத எனக்கு முகம் இல்லை.

செவ்வாய்க்கிழமை

நேற்றுக் காலை போய்ச் சொன்னேன். மாமா முதலில் நம்பவில்லை, அப்புறம் கதவைச் சாத்தினார். உட்டுத்தள்ளுங்க மாப்ள, வெளிய தெரிஞ்சா நமக்குத்தான் அசிங்கம், அந்தப் புள்ள போனாப் போகுது, வேற ஆளப் போட்டுக்கலாம் என்றார். இந்த மனிதரின் லெட்டர்பேடில்தான் உன் நேர்மைக்குச் சான்று வாங்கப் பார்த்தோம். அவளுக்குப் பதில் ஆள் போடறதானா எனக்கும் சேத்துப் போட்டுக்குங்க மச்சான் என்று சொல்லி மேஜைச் சாவியை வைத்தேன். சாவியை என் பக்கமே தள்ளிவிட்டு, அவரே பூஜிதாவுக்குப் போன் போட்டார்.

இன்று காலை வந்தாள். ஆபீசில் எல்லோரும் இருக்கும்போதே, நம்பரைப் படித்தது நான், தப்பு என்னுது அம்மணி என்று சொன்னேன். பரவால்லீங்க சார் என்றாள், முகம் அப்படிச் சொல்லவில்லை. உட்கார்ந்து முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினாள். நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க சார் என்றாள். திரும்பிக்கொண்டேன். எனக்கு அது வேண்டியதுதான்.

டிராயரில் வைத்திருந்த லெட்டர்பேடுத் தாளை இத்தோடு வைத்திருக்கிறேன். அதில் இரண்டு வருட அனுபவம் இல்லை, இரண்டு நாள்கூட இல்லை. மாசாணம் மாமாவின் கம்பெனியை நீ அங்கிருந்தே சோதித்துப் பார்க்கலாம் என்ற அனுமதி இருக்கிறது, வரும் ஒன்றாம் தேதியிலிருந்து முப்பது நாள். தொடக் கூடாத கம்ப்யூட்டர்கள் எவை என்று யூசுப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல, பூஜிதா அடித்தாள். மாமா படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். உன் அறிக்கையை யூசுப் பார்த்துத் திருத்தித் தருகிறேன் என்றிருக்கிறார், தப்பா எழுதுனா திட்டுவனுங்க என்றும் சொன்னார். நேர்முகத் தேர்வுக்கு அதை எடுத்துக்கொண்டு போ. முப்பது நாளா என்று சிரித்து அனுப்பினால், எழுந்து வந்து ஹெல்ப்டெஸ்க் வேலையைப் பார்த்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு எழுது. விசா இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அதற்குள் அமையாமல் போனால் வீட்டுக்கு வா, பொய்ச் சான்றோடு அங்கே இருப்பதைவிட வெறுங்கையோடு நீ இங்கே வந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

அம்மா பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறாள், ஈரக் கரண்டி போடாதே. நம் குலதெய்வம் உனக்கு எப்போதும் துணையிருக்கட்டும், கோயில் கமிட்டியின் பேஸ்புக் யாருக்கும் துணையிருக்க வேண்டாம். யார் என் பெயரைச் சொல்லி எதைக் கேட்டாலும், நானே கூப்பிட்டுக் கேட்டாலும், ஒரு நம்பரும் படித்துச் சொல்லாதே. உன் அறிக்கையில் முதலில் எழுதவேண்டிய ஓட்டை எது என்று உனக்குத் தெரியும். அங்கே ஊழியர் ஒருவர் என்று எழுதி அப்பாவைக் காப்பாற்றாதே, கீழே இருக்கிற பெயரை அப்படியே போடு.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா,
ஆ. காளிச்சாமி, மேனேஜர்