ஓட்டியது நான் இல்லை

லோஷினி அப்பாவுக்கு,

சிங்கப்பூர் நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் முதலில் சாப்பிடுங்கள். மீன் கறி அடுப்பில் இருக்கிறது. பத்து மணிக்கு இன்சூரன்ஸ் அட்ஜஸ்டர் கார் சேதத்தை மதிப்பிட வருகிறார். சாவி ஆணியில்.

அவரிடம் நான் ஓட்டியதாக இனிமேல் சொல்லாதீர்கள். "என் லைசன்ஸ் முடிஞ்சிருச்சு, கிளைம் கிடைக்காது. நீ ஓட்டினதா சொல்லிடு லா, வெறும் கார் விஷயந்தானே" என்றீர்கள். நானும் போலீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று, நீங்கள் இடித்த அந்த மோட்டார்சைக்கிள்காரரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். மதியமே இறந்துவிட்டாராம். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரேக் போட்டீங்களாக்கா?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? விபத்து நடந்த நேரம் நான் இங்கே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு பஸ்ஸில் போகிறேன். உண்மையைச் சொல்லப் போகிறேன். பொய் ரிப்போர்ட்டுக்காக என்னைப் பிடித்துவைத்தால், ஒரு மணிக்கு லோஷினியைப் பள்ளியிலிருந்து கூட்டி வாருங்கள். நடந்தே போங்கள்.

பிரேமலா

கறியில் உப்பு குறைவு, பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லாமலே வந்துவிட்டேன். இன்றைக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிரேக் போட்டீங்களா?