உருப்படாத மாப்பிள்ளை

மார்ச் 3

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

திடுக்கிட வேண்டாம். உங்கள் மனைவிதான் எழுதுகிறேன். பூங்காவில் நீங்கள் எனக்குக் கொடுத்திருக்கிற பதவி மகள் பதவிதானே? அந்த மரியாதையோடு எழுதுகிறேன்.

அக்கா வீட்டுக்கு வந்த இந்த மூன்று நாளில் பதினேழு தடவை போன் அடித்துவிட்டீர்கள். எடுக்க மாட்டேன். எடுத்தால் ஏதாவது கோமாளித்தனம் பண்ணி என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். பதினான்கு வருடமாக அப்படித்தான் தப்பித்து வருகிறீர்கள். சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதுங்கள்.

நான் ஏன் கிளம்பினேன் என்று ஒன்றும் தெரியாதவர் போல அக்காவிடம் கேட்டீர்களாமே. கேளுங்கள். வெள்ளிக்கிழமை மருந்துக்கடையில் நல்ல கூட்டம். உங்கள் பூங்கா சிநேகிதர், அந்த ரிட்டயர்டு பஸ் டிரைவர், பிரஷர் மாத்திரை வாங்க வந்தார். கவுண்ட்டரில் நான் ஒட்டி வைத்திருக்கும் நம் குண்டுமணியின் போட்டோவைப் பார்த்தார். "அட, இது நம்ம சாரோட பேத்தியாச்சே! அப்ப நீதான் அவரு பொண்ணாம்மா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "உங்கப்பா தங்கமான மனுஷன்மா. இந்த வயசுல பேத்தியை எப்படிப் பாத்துக்கறாரு! உன் வீட்டுக்காரர்தான் உருப்படாத ஆளாமே. குழந்தை அழுதா போர்வையை இழுத்து மூடிக்குவாராம். டயப்பர் மாத்தச் சொன்னா பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவாராம். விட்டுத் தள்ளும்மா, அதான் அப்பா இருக்காருல்ல" என்று ஆறுதல் வேறு. என்னோடு வேலை பார்க்கிற பெண் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். நான் மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுத்துக் காசை வாங்கிப் போட்டேன்.

நீங்கள் எடை ஆய்வாளர். பத்து கிராம் குறைந்தால் கடைக்காரனை நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிற ஆள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள நாலு மாதம் லீவு போட்டபோது எவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு! அந்த நாலு மாதமும் ஊரெல்லாம் இப்படிப் புளுகிக்கொண்டு திரிந்திருக்கிறீர்கள்.

பதினொரு வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தேன். நாற்பத்தோரு வயதில் வயிற்றைக் கிழித்துப் பெற்றேன். அந்தக் குழந்தைக்கு அப்பா நீங்கள் இல்லையென்றால் வேறு யார்? அதையும் பூங்காவில் சொல்லியிருப்பீர்களே.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்


மார்ச் 7

என் மனைவிக்கு,

கோபம் உனக்கு மட்டும்தான் வருமா? எனக்கும் வருகிறது. ஐம்பத்தைந்து வயதில் முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி வந்தால், தொட்டில் காலி. மேஜையில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் போவது மட்டும் நியாயமா?

குண்டுமணி பிறந்த அன்று பிரசவ வார்டு வாசலில் வாட்ச்மேன் என்னைத் தடுத்தான். "தாத்தா பாட்டிக்கெல்லாம் சாயங்காலம்தான். அப்பாவை வரச் சொல்லுங்க." நான்தான் அப்பா என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். ஆபீஸில் கிளார்க் பையன் கேட்கிறான், "சார், பொண்ணு காலேஜ் போறப்ப நீங்க வீல்சேர்லயா வருவீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

பூங்காவில் முதல் நாள் அந்த டிரைவர், "பேத்தியா சார்?" என்றார். வாய் தவறி ஆமாம் என்றுவிட்டேன். உடனே, "தாத்தான்னு சொல்லவே முடியாது சார், என்ன வயசு உங்களுக்கு!" என்றார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் என்னை இளைஞன் என்றார். தாத்தா என்றால் நான் சின்ன வயதுக்காரன். அப்பா என்றால் கிழவன். நீயே சொல், நான் எதைச் சொல்வேன்?

மறுநாள் பெண்ணைப் பற்றிக் கேட்டார்கள். அதற்கு மறுநாள் மாப்பிள்ளை. நல்லவன் என்றால், "அப்ப ஏன் அவர் குழந்தையைத் தூக்கிட்டு வரலை?" என்பார்கள். அதனால் கெட்டவனாக்கினேன். அவ்வளவுதான்.

நடந்தது நடந்துவிட்டது. இனி அந்தப் பூங்காப் பக்கமே போக மாட்டேன். கிளம்பி வா. குண்டுமணியை நான் தினமும் நிறுத்துப் பார்க்கிற தராசு ஒரு வாரமாகச் சும்மா கிடக்கிறது.

அன்புள்ள,
கணவன்


மார்ச் 11

பூங்காவுக்குப் போக மாட்டாராம்! நாளைக்குப் பள்ளிக்கூட வாசலில் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிடலாமா? அப்புறம் கல்யாண மண்டபத்தில் கேட்பார்கள்.

நீங்கள் எழுதியதை நாலு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை. என்னையும் பஸ்ஸில் ஒருத்தி, "பாட்டியா?" என்று கேட்டாள். "அம்மா" என்று சொன்னேன். பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. அதற்காக இவளை விட்டுக்கொடுத்துவிட முடியுமா?

இன்னொன்று. மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னதில் பொய் எது? போர்வை பொய்யா, தாழ்ப்பாள் பொய்யா? வீட்டில் நான் கேட்டால் "வயித்து வலி" என்பீர்கள். முன்பின் தெரியாதவர்களிடம் மட்டும் அவனுடைய வண்டவாளம் முழுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அதில் பாதியை என்னிடம் ஒப்புக்கொண்டிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன்.

பூங்காவுக்குப் போங்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லுங்கள். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

கையெழுத்துப் போடவில்லை. உங்களுக்கு நான் யார் என்று முடிவான பிறகு போடுகிறேன்.


மார்ச் 19

அன்புள்ள உனக்கு,

சொல்லிவிட்டேன். மூன்று நாள் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, நாலாம் நாள் சொன்னேன்.

டிரைவர், தையற்கடைக்காரர், ரிட்டயர்டு வாத்தியார், மூன்று பேரும் பெஞ்சில் இருந்தார்கள். "பேத்தி எங்க சார்?" என்றார் வாத்தியார். "பேத்தி இல்லை, என் பெண்" என்றேன். அவர்களுக்கு விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன்.

டிரைவர் கேட்டார். "அப்ப அந்த மாப்பிள்ளை?"

"நான்தான்."

"நாலு மாசமா நாங்க வாய்க்கு வந்தபடி திட்டினது உன்னையாய்யா? நீயும் தலையை ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தியே! அந்தப் பொண்ணுகிட்ட போய் என்னென்னவோ சொல்லிட்டு வந்தேனே, இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்தக் கடைக்குப் போவேன்?" என்று கத்தினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இப்போது என்னைப் பார்த்தால் வேறு பெஞ்சுக்குப் போகிறார். எனக்கு இது வேண்டியதுதான்.

ஆனால் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. குண்டுமணிக்கு இருபது வயதாகும்போது எனக்கு எழுபத்தைந்து. இருந்தால். தாத்தா போய்விட்டால் நாலு நாள் அழுதுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். அப்பா போய்விட்டால் அந்தக் குழந்தை என்ன செய்யும்? அவள் என் சட்டையைப் பிடித்துக்கொள்ளும்போதெல்லாம் இந்தப் பயம் வந்துவிடுகிறது. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். டயப்பர் நாற்றமும் ஒரு காரணம், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். கதவில் நாலு ஓட்டை விழுந்திருக்கிறது. அப்புறம் பார்த்துவிட்டுத் திட்டாதே, இப்போதே சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
குண்டுமணியின் அப்பா


மார்ச் 23

கடிதம் வந்தது. கோபம் தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம், அது அப்படியேதான் இருக்கிறது.

முதலில் தாழ்ப்பாளை மறுபடி மாட்டுங்கள். அந்த பாத்ரூமில்தான் நானும் குளிக்க வேண்டும். இது கூடவா தோன்றாது ஒரு மனுஷனுக்கு? டிரைவருடைய மாத்திரை இந்நேரம் தீர்ந்திருக்கும். வாங்கிக் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள். திட்டினால் நின்று கேளுங்கள்.

சாவைப் பற்றி எழுதியதை அக்காவிடம் காட்டவில்லை. நான் மட்டும் படித்தேன். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆளுக்கொரு அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பயப்படுவதற்கா இவளைப் பெற்றோம்?

அவளுக்குக் கீழ்வரிசையில் பல் முளைக்கிறது. யார் விரலை நீட்டினாலும் கடிக்கிறாள். எடை ஏழரைக் கிலோ. அக்கா வீட்டுத் தராசு, நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் அந்த உருப்படாத மாப்பிள்ளையை அனுப்பி வையுங்கள். அவனோடு எனக்கு நிறையச் சண்டை பாக்கி இருக்கிறது. தாத்தா வர வேண்டாம். வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அவன் பெண்டாட்டி