ஒரே மாதிரிப் படங்கள்

செப். 30, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. நாளை ஆயுத பூஜை. அரிவாள்மணை, தையல் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றையும் அத்தை (அவருடைய அம்மா) நேற்றே கழுவித் துடைத்துவிட்டார். கம்ப்யூட்டர் மட்டும் என் பொறுப்பு. மூடியைக் கழற்றிப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினால் கைப்பிடித் தூசி. ஒரு செத்த பல்லி.

வெளியே துடைத்தால் போதுமா, உள்ளேயும் துடைத்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். டிஸ்க் நிறைந்து மூச்சு வாங்குகிறது.

கை வைக்கக் கூடாதவை:
லிப்ரே ஆபீஸ். வினாத்தாள், கல்யாணப் பத்திரிகை டைப்பிங் எல்லாம் இதில்தான். சோறு போடுவது.
வி.எல்.சி. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காது.
7-ஜிப். ஸ்கூலிலிருந்து வரும் மூட்டைகளை அவிழ்க்க.
எவ்ரிதிங். எங்கே வைத்தேன் என்று தெரியாத கோப்பை ரெண்டு எழுத்து தட்டுவதற்குள் காட்டிவிடும். வீட்டுச் சாவிக்கும் இப்படி ஒன்று வந்தால் தேவலை.
இர்ஃபான்வியூ. படம் பார்க்க. இதைவிட வேகமாக எதுவும் திறந்ததில்லை.

எல்லாம் இலவசம். கம்ப்யூட்டரோடு வந்தது ஒன்றுமில்லை, எல்லாம் நானாகத் தேடிப் போட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இன்று புதிதாக ஒன்று போட்டேன். ஒரே மாதிரிப் படங்களைத் தேடிப் பிடித்து, ஒன்றை வைத்துவிட்டு மற்றதை அழிப்பது. ஆயிரத்துச் சொச்சம் காட்டியது. யார் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது? எல்லாவற்றுக்கும் டிக் போட்டு அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். டிஸ்க்கில் நல்ல இடம் விழுந்தது. ஒரு காபி குடித்தேன்.

சாயங்காலம், 5 மணி.

அவர் கைப் படங்கள் போய்விட்டன. பத்தொன்பதில் ஒன்றுதான் இருக்கிறது. ஒரே மேஜை, ஒரே பச்சைத் துணி, ஒரே கை. மென்பொருளுக்கு என்ன தெரியும். புத்தி கெட்டவள் நான்.

அக். 1, புதன். ஆயுத பூஜை

மேகம், காற்றில்லை. ராத்திரி தூக்கமில்லை. நடந்ததை எழுதி வைத்தாலாவது மனசு நிற்குமா பார்க்கிறேன்.

பங்குனியில் எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற ரூமில் தீப்பிடித்தது. அவருக்கு வலது கை. புண் ஆறியபின் விரல்கள் மடங்கியே நின்றுவிட்டன. மதுரை டாக்டர் சொன்னது: தினம் பயிற்சி. ஞாயிறுதோறும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி வைத்து ஒரு படம். விரல் விரிந்துகொண்டே வந்தால் காத்திருக்கலாம், நின்றுபோனால் ஆப்பரேஷன். அவருக்கு ஆப்பரேஷன் என்ற சொல்லே ஆகாது. "இருக்கதும் போயிருச்சுன்னா?" என்பார்.

கோணம் மாறக் கூடாதென்று பழைய வெப்கேமராவை ஸ்டாண்டில் கட்டி வைத்தேன். மே கடைசியிலிருந்து ஒரு ஞாயிறு தவறவில்லை. தேதியைத்தான் கோப்புக்குப் பெயராக வைப்பேன். படம் எடுக்கும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு படத்தையும் பார்த்தது கிடையாது. "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்பார். "போன வாரத்துக்கு இப்பக் கொஞ்சம் விரிஞ்சிருக்கு" என்பேன். முதலில் அது நிஜம். ஆகஸ்ட் பிறந்த பிறகு நிஜமா என்று நான் பார்க்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லியது.

சனிக்கிழமை டாக்டர்.

காலை எட்டு மணிக்குத் தங்கத்துக்குப் போன். சித்தி மகள், விருதுநகரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை.

"யக்கா, அதுக்கப்புறம் எதையும் புதுசா ஏத்துனீகளா?"
"இல்ல. ஆஃப் பண்ணுனதுதான்."
"தொடவே தொடாதீக. அழிச்ச படம் டிஸ்க்லதான் கெடக்கும். அதுமேல வேற எதாவது எழுதுனாத்தான் போகும். உங்களது பழைய டிஸ்க்குங்கிறது நல்லதாப் போச்சு, புதுசுன்னா அப்பமே தொடச்சிருக்கும். நாளைக்கு வாரேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அத்தை மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருக்கிறார். கீபோர்டு மேல் வெற்றிலை, பொரி. பூஜைக்கு வைத்ததை விஜயதசமி காலைவரை யாரும் தொடக் கூடாது. "பொட்டு வச்சாச்சு, கைய வச்சிராத தாயி." தங்கம் சொன்னதும் அதுதான், அத்தை சொல்வதும் அதுதான். ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. நாலு தடவை அந்த ரூமுக்குப் போய் வந்தேன். பொரியை ஒரு எறும்பு இழுத்துக்கொண்டு போனது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் சாப்பிடும்போது அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் இடது கையால் ஸ்பூனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அம்புட்டும் போச்சா?"
"ஒண்ணு இருக்கு. முதல்ல எடுத்தது."
"போனாப் போகுது. டாக்டர் கையவே பாக்கட்டும். நீதான் வாரா வாரம் பாக்கியே, விரியுதுன்னு நீ சொல்லு."

இரண்டு கவளத்தோடு எழுந்துவிட்டேன்.

படங்கள் கிடைக்காவிட்டால் நல்லது என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. தூ, என்ன மனசு இது.

அக். 2, வியாழன்

லேசான தூறல், ஐந்து நிமிஷம். அத்தை ஏழு மணிக்குச் சூடம் காட்டி வெற்றிலையை எடுத்தார். கீபோர்டைக் கவிழ்த்துப் பொரியைக் கொட்டினேன். தங்கம் ஒன்பது மணி பஸ்ஸில் எங்கள் ஊர் ஆமத்தூரில் வந்து இறங்கினாள். இரண்டு பென்டிரைவ், ஒரு முறுக்குப் பொட்டலம்.

ஒரு பென்டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பினாள். போட்டோரெக் என்று ஒன்று. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அழகு கிடையாது. எடுப்பதை இன்னொரு பென்டிரைவில்தான் போட வேண்டுமாம், அதே டிஸ்க்கில் போட்டால் தலையில் மண். இதுவும் இலவசம். என் பட்டியலில் சேர்த்துவிட்டேன், முதல் இடம்.

நாலு மணி நேரம். நம்பர் ஏறிக்கொண்டே இருந்தது. தங்கம் முறுக்கு தின்றாள், நான் நின்றேன், உட்கார்ந்தேன், கொடியில் காய்ந்த துணியை எடுத்தேன், மறுபடி காயப் போட்டேன். "யக்கா, நீங்க நடக்குறதப் பாத்தா எனக்குத் தல சுத்துது." அவர் டீக்கடைக்குப் போய்விட்டுப் பத்து நிமிஷத்தில் திரும்பினார். மறுபடி போனார். "தீபாவளிக்கு லோடு லோடா பட்டாசு வண்டி போகுது" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

கிடைத்தவை: யார் யாரோ கல்யாண மாப்பிள்ளைகள், ஸ்கூல் சின்னங்கள், எப்போதோ அழித்த பிறந்தநாள் வாழ்த்து. நடுவில் பச்சைத் துணி. ஒன்று, இரண்டு. பதினெட்டும் கிடைத்தது. தங்கத்தைக் கட்டிப் பிடித்து அழுதேன். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் பெயரெல்லாம் போச்சு. தேதிக்குப் பதில் ஏதேதோ எண்கள். வெப்கேமரா படத்துக்குள் தேதி எழுதாதாம். "விரல் எம்புட்டு விரிஞ்சிருக்குன்னு பாத்து நீங்களே வரிசையா அடுக்கிருங்க" என்று சொல்லிவிட்டு மூணு மணி பஸ்ஸுக்குப் போனாள்.

நான் இன்னும் அடுக்கவில்லை. திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன்.

அக். 3, வெள்ளி

மூட்டம். ஸ்கூல் வேலை இரண்டு கிடக்கிறது, தொடவில்லை. பத்து மணிக்கு அவர் ரூமுக்கு வந்து பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"ஏ புள்ள, நகரு. என் கைதான, நான் அடுக்குறேன்."

இர்ஃபான்வியூவில் பத்தொன்பதையும் சின்னச் சின்னதாக விரித்துக் கொடுத்தேன். இடது கையில் மவுஸ். முதல் படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். "இம்புட்டு மோசமாவா இருந்துச்சு" என்றார். அப்புறம் வேகம் வந்துவிட்டது. இது முதல், இதில் சுண்டுவிரல் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது, இது அதற்கு அடுத்து. நான் எண் போட்டேன். பதினொன்று வரை தடங்கல் இல்லை. அவர் முகத்தில் சிரிப்புக்கூட வந்தது.

பன்னிரண்டாவதற்கு நின்றுவிட்டார். மீதி எட்டு. ஒன்றைத் திறந்தார், மூடினார், இன்னொன்றைத் திறந்தார். இரண்டை அருகருகே வைத்தார். இடம் மாற்றினார். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

"இந்த எட்டும் ஒண்ணாத்தான இருக்கு?"

கீபோர்டு இடுக்கில் கிடந்த ஒரு பொரியை நகத்தால் நெம்பினேன்.

"உன்னத்தான் கேக்கேன்."

"ஆமா."

"எட்டு வாரமா விரியவே இல்ல."

"இல்ல."

"அப்பம் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நீ சொன்னது?"

"பயந்துட்டேன். உங்க மொகத்தப் பாத்தா வேற சொல்ல வரல."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கத்தினால்கூடத் தேவலை என்று இருந்தது. அவர் மவுஸை விட்டுவிட்டு, எப்போதும் போர்த்தியிருக்கும் துண்டை விலக்கி வலது கையை மேஜை மேல் வைத்து, திரையையும் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்விட்டார். நான் அந்த எட்டுக்கும் மனம் போனபடி எண் போட்டேன். எப்படிப் போட்டால் என்ன.

மத்தியானம் அத்தை இருவரையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ரசத்தை ஊற்றினார்.

அக். 4, சனி

இருட்டு விலகவில்லை, குளிர்ந்த காற்று. 5.40 பஸ். எடுத்து வைத்தவை: பென்டிரைவ், பழைய ரிப்போர்ட்டுகள், தண்ணீர், இட்லி. ஒரு நாள் வேலைதானே என்று சின்னப் பைதான் எடுத்திருந்தேன்.

அவர் வந்து பையைத் திறந்து பார்த்தார்.

"இது பத்தாது. பெரிய பைய எடு. நாலஞ்சு நாளைக்கு உடுப்பு வையி. முழுக்கைச் சட்ட வேண்டாம், கட்டுப் போட்டாங்கன்னா கை நொழையாது."